சொந்த வீடா, மூத்தோர் குடியிருப்பா? தனியாக மிஞ்சப்போகிறவரை வைத்து ஒரு கணக்கு

மூத்தோர் குடியிருப்புக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தவர் என் அத்தான்தான். நாலைந்து இடங்களைச் சுற்றிப் பார்த்ததும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும், எந்தச் சுவரில் அலமாரி வர வேண்டும் என்று நாடா வைத்து அளந்ததும் அவரே. அக்கா கூடப் போனாள். குடியேறிய பதினான்காவது மாதம் அத்தான் போய்விட்டார். நான்கு வருடம் ஆகிறது. அவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வீட்டில் அக்கா மட்டும் இருக்கிறாள்.

நன்றாகத்தான் இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குடியிருப்புகளைக் குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று தோன்றிவிடும். ஆனால் ஒருநாள் தொலைபேசியில் அவள் சொன்னது எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாத்த இடம்டி இது. ஒத்தையா இருந்தா எப்படி இருக்கும்னு ஒரு தடவைகூட நாங்க யோசிக்கவே இல்ல."

இப்போது எனக்கு 66, என் கணவருக்கு 71. அதே கேள்வி எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு வருடமாக இடங்களைப் பார்க்கிறோம், ஒப்பந்தங்களைப் படிக்கிறோம், ஏற்கெனவே குடியேறியவர்களிடம் பேசுகிறோம். இதில் எனக்குத் தெளிவானது ஒன்று. முடிவை எடுப்பது இரண்டு பேர், அந்த முடிவோடு கடைசிவரை இருக்கப்போவது ஒருவர். ஆகவே எந்த வழியைப் பற்றிப் பேசினாலும் அந்த ஒருவரை மனத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். எண்பது வயதைத் தாண்டியபின், துணை இல்லாமல், விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் எங்கே இருப்பார், யாரோடு பேசிக்கொண்டிருப்பார்? நாங்கள் இருவரும் இப்போது எல்லா இடங்களையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறோம்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம்

"முதியோர் இல்லம்" என்று சொன்னாலே பலருக்கு முகம் சுருங்குகிறது. யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன இடம் என்ற நினைப்பு அந்தச் சொல்லிலேயே ஒட்டியிருக்கிறது. நான் பேசுவது வேறு. மூத்தோர் குடியிருப்பில் உங்களுக்கென்று தனி வீடு, உங்கள் கதவு, உங்கள் சாவி. வெளிப்புறப் பராமரிப்பும் காவலும் நிர்வாகத்தின் பொறுப்பு. பொதுக்கூடம், நூலகம், நடைபாதை எல்லாருக்கும் சேர்ந்தது. குறிப்பிட்ட வயதைக் கடந்தவர்களுக்கு மட்டுமே இடம்.

இந்த வடிவத்தை உலகமறியச் செய்தது அமெரிக்காவின் அரிசோனாவில் 1960 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட சன் சிட்டி. டெல் வெப் என்ற கட்டுமானக்காரர் கட்டியது. ஓய்வு என்றால் சாய்வு நாற்காலி என்றிருந்த எண்ணத்தை மாற்றி, ஓய்வு என்றால் விளையாட்டும் நண்பர்களும் என்று அவர் விற்றார். இன்றும் பெரும்பாலான குடியிருப்புகளின் விளம்பரம் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறது: கைகோத்து நடக்கும் தம்பதி, பின்னால் பச்சைப் புல்வெளி. அந்தப் படத்தில் இருவர் இருப்பதை நான் கவனித்ததே அக்காவின் பேச்சைக் கேட்ட பிறகுதான்.

இந்தக் குடியிருப்புகளிலும் வகைகள் உண்டு. நடமாட்டம் உள்ளவர்கள் தாங்களாகவே வாழ்வது முதல் வகை. குளிக்க, உடுத்த, மருந்து எடுத்துக்கொள்ள ஆள் உதவி தருவது அடுத்தது. படுக்கையில் விழுந்தவரையும் முழுநேரச் செவிலியர் வைத்துப் பார்த்துக்கொள்வது மூன்றாவது. ஒரே வளாகத்தில் மூன்றும் இருக்கும் இடங்கள் உண்டு. முதலாவது மட்டும் இருக்கும் இடங்களும் உண்டு. நீங்கள் பார்ப்பது இவற்றில் எது என்று நேராகக் கேட்டுவிடுங்கள். "எல்லா வசதியும் இருக்கு" என்பதற்கு என்ன பொருள் வேண்டுமானாலும் இருக்கலாம். வாரத்துக்கு ஒருநாள் மருத்துவர் வந்து போவதைக்கூட ஓர் இடத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பவை: இருக்கும் வீட்டிலேயே தொடர்வது, பிள்ளைகளோடு போய் இருப்பது, ஒரு சிறிய வீட்டுக்கு மாறுவது.

எட்டு வேலைகள், இரண்டு பெயர்கள்

வழிகளை ஒப்பிடும் முன் நாங்கள் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தோம். முதியவர் ஒருவர் தனியாகச் சமாளிக்க முடியுமா என்று பார்க்க மருத்துவர்கள் பயன்படுத்தும் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் உடன் இருந்தவர்களும் 1963-ல் வெளியிட்டது உடம்பைச் சார்ந்தது: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தைக் கட்டுப்படுத்துவது, சாப்பிடுவது. இந்த ஆற்றல்கள் பெரும்பாலும் ஒரு வரிசையில் குறைகின்றன என்பதையும் அவர்கள் கண்டார்கள். தானாகக் குளிப்பது முதலில் போகும், தானாகச் சாப்பிடுவது கடைசிவரை நிற்கும்.

எங்களுக்கு அதிகம் உதவியது இரண்டாவது பட்டியல். லாட்டன், பிராடி என்ற இருவர் 1969-ல் தந்தது. தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மருந்தை நேரத்துக்கு எடுப்பது, பணத்தைக் கையாள்வது என்று எட்டு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கள் வீட்டில் அதைச் செய்பவரின் பெயரை எழுதினோம்.

எழுதி முடித்தபோது இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பணம், வண்டி ஓட்டுவது, வங்கி, காப்பீடு எல்லாம் அவர் பெயரில். சமையல், துணி, மருந்துப் பெட்டி என் பெயரில். அவருடைய மாத்திரையை அவருக்கே நான்தான் எடுத்துக்கொடுக்கிறேன். இரண்டு பேராக இருக்கும்வரை எங்கள் வீட்டில் எட்டு வேலையும் நடக்கும். எங்களில் யார் ஒருவர் போனாலும் மற்றவரால் பாதிதான் ஆகும். இருவரும் நலமாக இருக்கிறோம், வீட்டிலேயே இருக்கலாம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு அரைகள் சேர்ந்து ஒன்றாக நின்ற நிலைதான்.

அத்தான் போனபோது அக்காவுக்குத் தன் பெயரில் எத்தனை வங்கிக் கணக்கு இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் அவளைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். எதிர் வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கர் மூன்று நாள் அவளோடு உட்கார்ந்து காகிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொடுத்தார். குடியிருப்பின் பக்கம் தராசு சாயும் இடம் இது. அங்கே எட்டு வேலைகளில் நாலைந்தை நிர்வாகமோ பக்கத்து வீட்டாரோ தாங்கிக்கொள்கிறார்கள்.

வீட்டிலேயே இருந்தால்

இருந்தாலும் என் மனம் முதலில் போனது இந்த வழிக்குத்தான். முப்பத்தொரு வருடம் இருந்த வீடு. இருட்டில் கை வைத்தால் விளக்கின் சுவிட்ச் எங்கே என்று விரலுக்குத் தெரியும். இதை வெறும் பாசம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவரின் திறனும் அவரைச் சுற்றியிருக்கும் சூழல் அவரிடம் கேட்கும் உழைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்று லாட்டனும் நாஹிமோவும் 1973-ல் எழுதினார்கள். திறனுக்கு மீறிக் கேட்கும் வீடு ஆளை முறித்துவிடும், எதுவுமே கேட்காத இடம் ஆளை மழுங்கடித்துவிடும். பழகிய வீடு, திறன் குறைந்த பிறகும் நெடுநாள் பொருந்தும். பார்வை மங்கியவர் தன் வீட்டில் நடமாடுவார், புது இடத்தில் தடுமாறுவார். போவதாக இருந்தால் கண்ணும் நினைவும் நன்றாக இருக்கும்போதே போக வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது.

வீட்டில் பெரிய ஆபத்து விழுவது. 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 70-ஐத் தாண்டினால் 32 முதல் 42 பேர். இதில் பாதி வேலையைத் தச்சரும் மின்பணியாளரும் முடித்துவிடுவார்கள். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, படுக்கையிலிருந்து கழிப்பறைவரை இரவு விளக்கு, மாடிப்படி ஏறாமல் கீழேயே படுக்கை. குடிபெயர்வதற்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட ஆகாது. குடியிருப்புக்குப் போவதாக முடிவு செய்தவர்களும் அதுவரைக்கும் இதைச் செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் விழுந்தபின் எவ்வளவு நேரம் தரையில் கிடக்க நேரும் என்பதற்குக் கைப்பிடி பதில் சொல்லாது. இருவர் இருக்கும் வீட்டில் மற்றவர் ஓடிவருவார். ஒருவர் இருக்கும் வீட்டில் யார்? கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசரப் பொத்தான் உதவும், அதை மாட்டியிருந்தால். எங்கள் உறவில் ஒரு பெரியவர் அதை ஆணியில் தொங்கவிட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

பேச்சுத்துணை இன்னொன்று. வீட்டைப் பழுதுபார்க்கலாம், தெருவைப் பழுதுபார்க்க முடியாது. நாங்கள் குடிவந்தபோது இருந்தவர்களில் மூன்று குடும்பங்கள்தான் இன்னும் இருக்கின்றன. வீட்டிலேயே இருந்துகொண்டு இதற்கு வழி கண்டவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீக்கன் ஹில் பகுதியில் வசித்த முதியவர்கள் சிலர், வீட்டை விட்டுப் போகாமலே சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, சந்தா கட்டி, வண்டி ஏற்பாடு, சிறு பழுதுகளுக்கு ஆள், சேர்ந்து நடப்பது எல்லாவற்றையும் ஏற்படுத்திக்கொண்டார்கள். 2002-ல் அது செயல்படத் தொடங்கியது. பிறகு வேறு பல ஊர்களிலும் அதே மாதிரியில் சங்கங்கள் எழுந்தன. உங்கள் தெருவில் பத்து வீடு இப்படிச் சேருமானால் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவைப்படாது. எங்கள் தெருவில் நான் முயன்று பார்த்தேன். மூன்று பேர் வந்தார்கள், இரண்டாவது கூட்டத்துக்கு ஒருவர்.

பிள்ளைகளோடும், சிறிய வீட்டிலும்

பிள்ளைகளோடு இருப்பதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, ஏனென்றால் அது ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறு. ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கேயும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்ன என்று கேளுங்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள், பேரப்பிள்ளை பள்ளியில். தெரியாத ஊர். நாள் முழுக்கத் தனியாக, மாலையில் எல்லாரும் களைத்து வரும்போது பேசக் காத்திருக்கும் ஒருவர். அன்பு குறைவில்லாத வீடுகளிலேயே இது நடக்கிறது. பிள்ளைகள் இருக்கும் ஊரிலேயே, நடந்துபோகும் தூரத்தில் தனி வீடு என்பது பலருக்கு இதைவிட நன்றாக அமைந்திருக்கிறது.

சிறிய வீட்டுக்கு மாறுவது பராமரிப்பைக் குறைக்கும், கையில் கொஞ்சம் பணத்தை விடுவிக்கும். தனிமைக்கு அது எதுவும் செய்யாது. அறுபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு நல்ல இடைவழி. எண்பதில் இன்னொரு முறை மாறவேண்டி வரும், அப்போது ஒருவராக.

ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

எல்லா இடங்களிலும் நுழைவுத் தொகையைப் பற்றி விரிவாகச் சொன்னார்கள். போகும்போது என்ன கிடைக்கும் என்று கேட்டால் பேச்சு மெலிந்துவிடும். ஓர் இடத்தில் ஒப்பந்த நகலை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்றோம். முன்பணம் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அங்கேயே எழுந்துவிட்டோம். படிக்கத் தராத காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம், இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

முதலில் நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். சில இடங்களில் பத்திரப்பதிவோடு வீடே உங்களுடையது. பல இடங்களில் நீங்கள் வாங்குவது வாழும்வரை குடியிருக்கும் உரிமை மட்டுமே, சுவரும் நிலமும் நிறுவனத்துக்கு. இரண்டாவது வகையில் பெரும்பாலும் பின்கழிவு என்று ஒன்று வரும். நுழைவுத் தொகையில் ஆண்டுக்கு இவ்வளவு என்று கழிந்துகொண்டே போய், ஒரு வரம்பில் நிற்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் கட்டியது 100. ஆண்டுக்கு 6 கழிவு, 30-ல் வரம்பு. மூன்றாம் ஆண்டு முடிவில் போனால் 82 திரும்பும். ஐந்தாண்டுக்குப் பிறகு எப்போது போனாலும் 70. பத்தாம் ஆண்டு நிறுவனம் அதே வீட்டை அடுத்தவருக்கு 140-க்குக் கொடுக்கிறது என்று வையுங்கள். விலை உயர்வில் உங்களுக்குப் பங்கில்லை என்று ஒப்பந்தம் சொன்னால் அப்போதும் உங்களுக்கு 70 தான். வெளியே அதுபோன்ற வீடு 140-க்குப் போயிருக்கும். அதாவது உள்ளே போனவர் மனம் மாறி வெளியே வர நினைத்தால், விட்டுவந்த வீட்டில் பாதியைத்தான் வாங்க முடியும்.

இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. நுழையும்போது குறைவாகக் கட்டி, போகும்போது ஈடுசெய்வது சிலருக்கு உண்மையிலேயே வசதி. ஆனால் இது ஒருவழிக் கதவு என்று தெரிந்து நுழைய வேண்டும். இங்கிலாந்தில் இப்படி வீடு கைமாறும்போது வரும் கட்டணங்கள் வாங்குபவருக்கு முன்கூட்டியே தெளிவாகத் தெரிவதில்லை என்று அந்நாட்டுச் சட்ட ஆணையம் 2017-ல் ஓர் அறிக்கையே தந்தது. நியூசிலாந்தின் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி, தனக்கென்று ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை பெறாமல் ஒருவர் கையெழுத்திட முடியாது. கையெழுத்திட்ட பிறகும் 15 வேலைநாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் குடியேறிப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் விலக 90 நாள் அவகாசம் உண்டு. இந்தியாவில் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்தினால்தான் அவற்றுக்கு வலு. நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் இவ்வளவு தராவிட்டாலும், இதே மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரச்சொல்லிக் கேட்கலாம்: சொந்த வழக்கறிஞர், விலகும் நாட்கள், பழகிப்பார்க்கும் காலம். கேட்டதும் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து மாதக் கட்டணம். ஆண்டுக்கு 7 சதவீதம் ஏறினால் பத்தாண்டில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஓய்வூதியம் அந்த வேகத்தில் ஏறாது. இங்கேதான் தனியாக மிஞ்சுபவருக்குக் கணக்கு உதைக்கிறது. பல ஓய்வூதியத் திட்டங்களில் துணைவருக்குப் பிறகு வருவது முழுத்தொகை இல்லை. ஆனால் குடியிருப்பின் கட்டணம் வீட்டுக்குத்தான், ஆளுக்கில்லை என்றால் அது அப்படியே நிற்கும். வருமானம் குறைந்து செலவு நிற்கும் அந்த மாதத்தை இப்போதே எழுதிப் பாருங்கள். நாங்கள் எழுதிப் பார்த்ததில், எங்களுக்கு மிகவும் பிடித்திருந்த ஓர் இடம் பட்டியலிலிருந்து போய்விட்டது. இருவராக இருந்தால் கட்ட முடியும், நான் மட்டும் இருந்தால் ஆறாவது வருடத்தில் முடியாது.

நோய் முற்றினால் என்ன என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் எல்லா நிலைப் பராமரிப்பும் ஒரே வளாகத்தில் தரும் இடங்களில் ஒப்பந்தங்களை ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். ஏ வகையில் நுழைவுத் தொகை அதிகம், பிறகு செவிலியர் பராமரிப்புக்கு மாறினாலும் மாதக் கட்டணம் அதிகம் மாறாது. சி வகையில் நுழைவு மலிவு, பராமரிப்பு தேவைப்படும்போது அன்றைய விலை. பி இரண்டுக்கும் நடுவில். எந்த நாட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் கேள்வி இதுதான்: செலவு எகிறும் நாளில் அந்த ஆபத்தைத் தாங்குவது நானா, நிறுவனமா? மறதி நோய் வந்தால் வைத்துக்கொள்வார்களா, வெளியேறச் சொல்வார்களா என்பதையும் பெயர் சொல்லியே கேளுங்கள். நெதர்லாந்தின் வேஸ்ப் ஊரில் ஹோஹவேக் என்ற கிராமம் 2009 முதல் முற்றிய மறதி நோயாளிகளுக்காகவே நடக்கிறது. சாதாரண மூத்தோர் குடியிருப்புகளில் பல அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல.

கடைசியாக, யார் பெயரில்? அக்காவின் ஒப்பந்தம் அத்தான் பெயரில் மட்டும் இருந்தது. பெயர் மாற்ற ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் அவள் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருந்தாள். இருவர் பெயரையும் போட்டு, ஒருவருக்குப் பின் மற்றவருக்குத் தானாக உரிமை தொடரும் என்று ஒரு வரி. அவ்வளவுதான் வேண்டியது.

உள்ளே வாழ்க்கை

அத்தான் போன சமயம் நான் அக்காவோடு போய் இருந்தேன். பதினைந்தாவது நாள் காலை அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். விருந்தினர் தொடர்ந்து தங்க பதினான்கு இரவுதான் அனுமதி என்று மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விதி ஒப்பந்தத்தில் இருந்தது. அத்தான் அதைப் படித்துத்தான் கையெழுத்திட்டிருப்பார். இருவராக இருக்கும்போது பதினான்கு இரவு என்பது போதுமானதாகத் தெரிந்திருக்கும். விதிகளைப் படிக்கும்போது ஒவ்வொன்றையும் உங்கள் மிக மோசமான மாதத்தில் வைத்துப் படியுங்கள். விருந்தினர், உதவிக்கு வெளியாள் வைத்துக்கொள்வது, செல்லப்பிராணி, சுவரில் ஆணி அடிப்பது எல்லாம்.

விதிகளில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்றால், வயதானவருக்குத் தன் கையில் இருக்கும் சிறு முடிவுகள் உயிர்ச்சத்து மாதிரி. 1976-ல் எலன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் செய்த ஆய்வு பெயர்பெற்றது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம், இந்தச் செடிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியில் செடியைக் கொடுத்துவிட்டு, செவிலியர்கள் தண்ணீர் ஊற்றுவார்கள் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் அதிகச் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒரு குடியிருப்பைப் பார்க்கப் போகும்போது நீச்சல் குளத்தைவிட இதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன்: இங்கே இருப்பவர்கள் எதையாவது நடத்துகிறார்களா? நூலகத்தைப் பார்த்துக்கொள்வது யார், குடியிருப்போர் சங்கம் உண்டா, அதன் பேச்சை நிர்வாகம் கேட்கிறதா? ஓர் இடத்தில் தோட்டத்தின் ஒரு மூலையைக் குடியிருப்பவர்களே வைத்திருந்தார்கள். வரிசை கோணலாக இருந்தது, இரண்டு பாத்தி காய்ந்திருந்தது. எனக்கு அந்த இடம்தான் பிடித்தது.

மரணம் அடிக்கடி வரும் இடம் என்பதையும் மறைக்கக் கூடாது. எல்லாரும் ஒரே வயது என்றால் இழப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அக்கா அந்த நான்கு வருடத்தில் நெருங்கிய மூன்று பேரை அனுப்பிவிட்டாள். ஆனால் துக்கத்தை அங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்றும் அவளே சொன்னாள். "இங்க எல்லாருக்கும் தெரியும்டி. ஒருத்தரும் 'சீக்கிரம் தேறி வா'ன்னு சொல்றதில்ல."

எப்போது

போவதாக இருந்தால் இருவராக இருக்கும்போதே போவது நல்லது என்று நினைக்கிறேன். துணையை இழந்து, வீட்டையும் அதே வருடத்தில் இழந்து, தெரியாத முகங்களுக்கு நடுவில் போய் உட்கார்வது ஒருவருக்கு இரண்டு துக்கம். பதினான்கு மாதத்தில் அக்காவுக்குக் கிடைத்த மிகப் பெரிய சொத்து, அவள் தனியாகும் முன்பே அங்கே அவளுக்கு நாலு பேர் இருந்தது. அத்தான் அதை நினைத்துச் செய்தாரோ என்னவோ. அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

அதற்காக மிகவும் சீக்கிரம் போய்விடுவதும் சரியில்லை. 58 வயதில் போனால் முப்பது வருடக் கட்டணம், சுற்றிலும் தன்னைவிட இருபது வயது மூத்தவர்கள். நான் வைத்துக்கொண்ட கோடு இது: புது இடத்தின் வழிகளை மனம் எளிதாகப் பழகிக்கொள்ளும் காலத்துக்குள், வண்டி ஓட்டுவதை விடும் முன், ஒருவருக்கு மற்றவர் முழுநேரச் செவிலியராகும் முன்.

யார் போகவே வேண்டாம்? பக்கத்திலேயே இருபது வருடப் பழக்கமுள்ள நண்பர்கள், ஒரே தளத்தில் வீடு, நம்பிக்கையான உதவியாள், இது மூன்றும் இருப்பவர்கள். கூட்டு விதிகளை எங்கும் சகிக்க முடியாதவர்களும். வீட்டை விற்றுப் போடும் பணம் தவிர வேறு கையிருப்பு இல்லாதவர்கள் குடியிருப்புரிமை மட்டும் தரும் இடங்களுக்குப் போவதை நான் துணிந்து பரிந்துரைக்க மாட்டேன். முதலில் அந்த ஊரிலேயே வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். நாங்களும் எங்கள் வீட்டை உடனே விற்கப்போவதில்லை. ஒரு வருடம் வாடகைக்கு விட்டுவிட்டுத்தான் மேலே யோசிப்போம்.

எங்கள் பட்டியலில் இப்போது இரண்டு இடம் மிஞ்சியிருக்கிறது. இரண்டிலும் விருந்தினர் வீட்டில் பணம் கட்டித் தங்கிப் பார்க்கலாம். வழக்கமாகத் தம்பதியராகப் போய்த் தங்குவார்கள். நாங்கள் தனித்தனியாகப் போவது என்று வைத்துக்கொண்டோம், ஆளுக்கு ஏழு இரவு. நிர்வாகி இரண்டு முறை கேட்டுவிட்டார், உங்களுக்குள் ஏதாவது சண்டையா என்று.

என் முறை போன மாதம் முடிந்தது. முதல் மூன்று நாள் யாரோடும் ஒட்டவில்லை. நான்காம் நாள் காலை அந்தக் கோணல் தோட்டத்தில் ஒரு அம்மாள் என் கையில் பூவாளியைக் கொடுத்து, காய்ந்த பாத்தியைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை, மணி பத்தேகால்.

அடுத்த மாதம் அவர் போக வேண்டும். அதற்குள் சலவை இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொள்கிறார், பொத்தான்களின்மேல் சின்னச் சின்னக் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறார். தன் மாத்திரைகளைத் தானே வாரப்பெட்டியில் போட்டுக்கொள்கிறார், நான் பக்கத்தில் நின்று எண்ணிப் பார்க்கிறேன். நான் வங்கிச் செயலியில் மின்கட்டணம் கட்டப் பழகிவிட்டேன். காப்பீட்டுக் கோப்பு இன்னும் பாக்கி.